கைபேசிக் கண்ணும் தாமிரபரணிக் கரையும்

அன்றாட வாழ்க்கையைப் படம் பிடித்துப் பிறருக்குக் காட்டுவது நம் காலத்தில்தான் தோன்றிய வழக்கம் என்று நினைக்கிறீர்களா? அப்படியில்லை. 1895-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு மக்களுக்குத் திரைப்படங்களைக் காட்டினார்கள். ஒவ்வொரு படமும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே ஓடியது. ஒன்றில் தொழிலாளர்கள் வேலை முடிந்து ஆலையிலிருந்து வெளியே வருகிறார்கள். இன்னொன்றில் ஒரு தாயும் தந்தையும் தம் குழந்தைக்கு உணவு ஊட்டுகிறார்கள். அந்தத் தந்தை, சகோதரர்களில் ஒருவரான அகுஸ்த் லூமியேர்தான். கதையில்லை, நடிகர் இல்லை. இருந்தும் மக்கள் வியந்து பார்த்தார்கள்.

அதற்கு 109 ஆண்டுகளுக்குப் பின், 2005 ஏப்ரல் 23 அன்று, யூடியூப் தளத்தில் முதல் வீடியோ ஏற்றப்பட்டது. ஓர் இளைஞர் விலங்குக் காட்சிச் சாலையில் யானைகளின் முன் நின்று பேசுகிறார். மொத்தம் 19 வினாடிகள்! நம் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தார் வயல்வெளியில் சமைப்பதை 2018 முதல் படம் பிடித்து 'வில்லேஜ் குக்கிங் சேனல்' என்ற பெயரில் வெளியிட்டார்கள். 2021-இல் அதன் சந்தாதாரர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தொட்டது.

இப்படி வாழ்க்கை நிகழ்ச்சிகளைப் படம் பிடித்து வெளியிடுவதை 'வ்லாக்' என்கிறோம். உங்களில் பலருக்கும் அதில் ஆசை இருக்கும். கைபேசி இருக்கிறது; ஆனால் எதை எடுப்பது? தொடங்குவோர் எல்லாரையும் திகைக்க வைக்கும் கேள்வி இது. திருநெல்வேலிச் சீமையில் இருப்பவர்களுக்கு அந்தத் திகைப்பே தேவையில்லை. வீட்டு அடுக்களை முதல் ஆற்றுப் படித்துறை வரை எங்கு பார்த்தாலும் படம் இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஓர் இயற்பியல் கேள்வியும் இருக்கிறது. ஏழு யோசனைகளை இங்கே தருகிறேன். அதற்குமுன் நம் கருவியைச் சற்று அறிந்துகொள்வோம்.

கருவியை அறிவோம்

கைபேசி பொதுவாக வினாடிக்கு 30 நிலைப்படங்களை எடுக்கிறது. அவற்றை அதே வேகத்தில் அடுத்தடுத்துக் காட்டும்போது நம் கண்ணும் மூளையும் அதைத் தொடர்ந்த இயக்கமாகக் கொள்கின்றன. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் என்ன நடந்தது என்பது கைபேசிக்குத் தெரியாது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் பயன்படும்.

வெளிச்சம்: சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் கறுத்துவிடும். சன்னலைப் பார்த்து நில்லுங்கள். வெயில் கடுமையாக இருந்தால் வெள்ளை வேட்டி ஒன்றைச் சன்னலுக்குக் குறுக்கே கட்டுங்கள். அது ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிப்பதால் நிழல் மென்மையாகும்.

குழல்விளக்கின் கீழ் எடுத்த படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டு மின்சாரத்தின் அதிர்வெண் 50. ஒவ்வோர் அலைவிலும் மின்னோட்டம் இருமுறை உச்சத்தை அடைவதால் விளக்கு வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. கைபேசியின் ஷட்டர் நேரத்தை 1/50 அல்லது 1/100 வினாடியாக வைத்தால் ஒவ்வொரு படத்திலும் முழு எண்ணிக்கையில் துடிப்புகள் அடங்கும், பட்டைகள் மறையும்.

ஒலி: பேசுபவருக்கும் கைபேசிக்கும் உள்ள தொலைவு இருமடங்கானால், வந்து சேரும் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாகிவிடும். எனவே அருகில் இருந்து பேசுவதே சிறந்த ஒலிப்பதிவு முறை. வெற்று அறையில் எதிரொலிப்பு மிகுதியாக இருக்கும். சுவரில் இரண்டு ஜமுக்காளங்களைத் தொங்கவிடுங்கள், குரல் தெளிவாகும்.

இனி யோசனைகளுக்கு வருவோம்.

1. இட்லிக் கொப்பரையின் ஆவி

காலையில் அம்மா இட்லிக் கொப்பரையைத் திறக்கும் காட்சியை எடுங்கள். மிகச் சாதாரணக் காட்சிதான். முதலில் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று எடுங்கள். பிறகு எதிர்ப்பக்கம் சென்று, வெளிச்சம் ஆவிக்குப் பின்னாலிருந்து வரும்படியும் ஆவிக்குப் பின்னால் இருண்ட சுவர் தெரியும்படியும் எடுங்கள். முதல் படத்தில் மங்கலாகத் தெரிந்த ஆவி இரண்டாவதில் வெள்ளிப் புகைபோல் சுருண்டு எழும்.

காரணம் என்ன? உண்மையான நீராவி கண்ணுக்குத் தெரியாது. நாம் 'ஆவி' என்று காண்பது, நீராவி குளிர்ந்து உண்டான நுண்ணிய நீர்த்துளிகளையே. இத்துளிகள் தம்மேல் விழும் ஒளியின் பெரும்பகுதியை, ஒளி செல்லும் திசையை ஒட்டி முன்னோக்கியே சிதறடிக்கின்றன. ஆகவே ஒளி வரும் திசையை எதிர்நோக்கிப் பார்ப்பவருக்கு அவை பளிச்சென்று தெரிகின்றன. கைபேசியை ஆவியில் நேரே நீட்டாதீர்கள். கையும் சுடும், வில்லையும் மூடும்.

2. ஒரு மணி நேர அல்வா, இருபது வினாடியில்

திருநெல்வேலி என்றதும் பிற ஊரார் நினைப்பது அல்வாவைத்தான். கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டுவதை நீங்கள் அறிவீர்கள். கிண்டுவதை முழுவதும் காட்டினால் பார்ப்பவர் ஓடிவிடுவார். இங்கேதான் 'டைம்லாப்ஸ்' உதவுகிறது.

கணக்கைப் பாருங்கள். ஒரு மணி நேரம் என்பது 3,600 வினாடி. அதை 20 வினாடிப் படமாக்க வேண்டும். வினாடிக்கு 30 வீதம் 600 படங்கள் தேவை. 3,600-ஐ 600-ஆல் வகுத்தால் 6. ஆறு வினாடிக்கு ஒரு படம் எடுத்தால் போதும். காலம் 180 மடங்கு விரைந்து ஓடும்.

அப்படி ஓடும்போது, மெல்ல நடப்பதால் கண்ணுக்குத் தெரியாத மாற்றங்கள் தெரியும். ஏறத்தாழ 60 டிகிரி செல்சியசில் கோதுமை மாவுச்சத்தின் மணிகள் நீரை உறிஞ்சி உப்பும். பால்போல் இருந்தது பசையாகும். நீர் வற்ற வற்றச் சர்க்கரைக் கரைசலின் கொதிநிலை 100 டிகிரியைத் தாண்டி ஏறும். நிறம் பொன்னாகிப் பழுப்பாகும். இறுதியில் நெய் பிரிந்து ஓரத்தில் வழியும். ஒன்றை மறக்க வேண்டாம். தெறிக்கும் அல்வா தோலில் ஒட்டிக்கொள்ளும். கொதிநீரைப்போல் வழிந்து போகாது. ஆகவே பெரியவர்கள் கிண்ட, நீங்கள் தள்ளி நின்று எடுங்கள்.

இதிலேயே இன்னொரு வீடியோவும் உண்டு. 'தாமிரபரணித் தண்ணீரில் செய்தால்தான் இந்தச் சுவை' என்று நம் ஊரில் சொல்வார்கள். உண்மையா? சோதித்துப் பாருங்கள். மாவு, சர்க்கரை, நெய், அடுப்பு, நேரம் எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். தண்ணீர் மட்டும் மாறட்டும். ஒன்று ஆற்று நீர். மற்றது வேறிடத்து நீர். இரண்டையும் நன்கு காய்ச்சியே பயன்படுத்துங்கள். சுவைப்பவருக்கு மூன்று துண்டுகள் கொடுங்கள். அவற்றில் இரண்டு ஒரே வகை, ஒன்று மட்டும் வேறு. எது வேறு என்று அவர் சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூவரில் ஒருவர் சரியாகச் சொல்லிவிடுவார். ஒன்பது பேரில் மூவர் மட்டுமே சரியாகச் சொன்னால் அது தற்செயலாகவே இருக்கலாம். எட்டுப் பேர் சொன்னால்? அப்போது தண்ணீரைப் பற்றி மேலும் ஆராயலாம். விடை எதுவானாலும் வீடியோ சுவையாகவே இருக்கும்.

3. பத்தமடைப் பாயில் இல்லாத கோலம்

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் விளையும் கோரையைக் கொண்டு பத்தமடையில் நெய்யும் பாய், புவிசார் குறியீடு பெற்ற கைத்தொழில் பொருள். கோரையை ஊறவைத்து, கீறி, சாயமேற்றி, நூல் பாவில் ஒவ்வொன்றாக ஊடு செலுத்தி நெய்வதை அருகிலிருந்து படம் எடுக்கலாம். நெய்பவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள். அவர் கையையும் தறியையும் மட்டும் எடுக்கச் சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எடுத்து முடித்தபின் அவருக்கே முதலில் காட்டுங்கள்.

நுட்பமான பாயைச் சற்றுத் தொலைவிலிருந்து எடுத்தால் ஒரு வேடிக்கை நடக்கும். பாயில் இல்லாத வளைந்த பட்டைகள் திரையில் நெளியும். கைபேசியை முன்னும் பின்னும் நகர்த்தினால் பட்டைகளும் ஓடும். இதற்கு 'மோய்ரே' வடிவம் என்று பெயர். கைபேசியின் உணர்வியில் ஒளியை உணரும் புள்ளிகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. பாயிலும் கோரைகள் வரிசையாக உள்ளன. ஏறக்குறைய ஒரே நெருக்கமுள்ள இரு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது, அவை சில இடங்களில் பொருந்தியும் சில இடங்களில் விலகியும் போவதால் புதிய அகன்ற பட்டைகள் தோன்றுகின்றன. கொசுவலையை இரண்டாக மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் இதையே கண்ணாலும் காணலாம்.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. திரையில் தெரிவதெல்லாம் பொருளில் இருப்பதன்று.

4. பின்னோக்கிச் சுற்றும் விசிறி

வீட்டு மின்விசிறியை எடுங்கள். சில வேகங்களில் அது பின்னோக்கிச் சுற்றுவதாகத் தெரியும். ஏன்?

மூன்று இறக்கை கொண்ட விசிறி நிமிடத்துக்கு 360 முறை சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். அதாவது வினாடிக்கு 6 சுற்று, 2,160 பாகை. வினாடிக்கு 30 படம் என்றால், ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே இறக்கை 72 பாகை நகரும். மூன்று இறக்கைகளும் ஒன்றுபோல் இருப்பதால், 120 பாகைக்கு ஒருமுறை அதே தோற்றம் திரும்ப வரும். 72 பாகை முன்னால் போனது எந்த இறக்கை, 48 பாகை பின்னால் வந்தது எந்த இறக்கை என்று பிரித்தறிய முடியாது. 48 சிறியது அல்லவா? நம் மூளை அதையே தேர்ந்து, விசிறி பின்னோக்கிச் சுற்றுவதாகக் கொள்கிறது.

இறக்கைகள் அரிவாள்போல் வளைந்தும் தெரியலாம். கைபேசி ஒரு படத்தை ஒரே கணத்தில் பதிவதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. கடைசி வரியைப் படிப்பதற்குள் இறக்கை நகர்ந்துவிடுகிறது. திருச்செந்தூர் போகும் ரயிலின் சன்னலுக்குள்ளிருந்து எடுத்தால் மின்கம்பங்கள் சாய்ந்து தெரிவதும் இதனால்தான். கையையோ கைபேசியையோ வெளியே நீட்டாதீர்கள். உள்ளிருந்து எடுத்தாலும் கம்பம் சாயும்!

5. காற்றாலை சோம்பேறியா?

கயத்தாறு பக்கமும், வள்ளியூர், பணகுடி தாண்டி ஆரல்வாய்மொழி வரையும் காற்றாலைகள் நிரை நிரையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தென்மேற்குப் பருவக் காலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் காற்று நெருக்கிக்கொண்டு விரைகிறது. இருந்தும் பெரிய காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றுவதாகத்தான் தோன்றும். அளந்து பார்ப்போமா?

கைபேசியை அசையாமல் வைத்து இரண்டு நிமிடம் எடுங்கள். வீடியோவில் ஓர் இறக்கை பத்துச் சுற்று முடிக்க எத்தனை வினாடி ஆகிறது என்று குறியுங்கள். 40 வினாடி என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு 4 வினாடி. இறக்கையின் நீளம் 40 மீட்டர் என்றால் அதன் நுனி ஒரு சுற்றில் கடக்கும் தொலைவு 2 × 3.14 × 40, அதாவது சுமார் 251 மீட்டர். வினாடிக்கு 63 மீட்டர். மணிக்கு சுமார் 226 கிலோமீட்டர்! சோம்பேறி என்று நாம் நினைத்தது விரைவு ரயிலையும் தோற்கடிக்கிறது. பெரிய பொருள் தொலைவில் இருந்தால் அதன் வேகம் கண்ணை ஏமாற்றும். இந்தக் கணக்கைப் படத்தின் நடுவே ஒரு கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்.

6. பாடும் தூணும் பாடும் தம்ளரும்

நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்கள் புகழ்பெற்றவை. ஒரே கல்லில் செதுக்கிய தூண்கள் தட்டினால் வெவ்வேறு சுரங்களை எழுப்புகின்றன. ஆனால் அங்கே கைபேசியை எடுத்துச் செல்ல நினைக்காதீர்கள். தமிழகக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கண்ணாலும் காதாலும் மட்டும் அனுபவித்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

வீட்டில் கழுத்துக் குறுகிய கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று நீர் ஊற்றி, ஒவ்வொரு முறையும் கரண்டியால் தட்டிப் பதிவு செய்யுங்கள். நீர் கூடக் கூடச் சுருதி இறங்கும். இப்போது அதே புட்டியின் வாயில் உதட்டை வைத்து ஊதுங்கள். நீர் கூடக் கூடச் சுருதி ஏறும்! பார்ப்பவர்கள் நிச்சயம் வியப்பார்கள்.

தட்டும்போது அதிர்வது கண்ணாடி. நீர் அதற்குப் பாரமாகி அதிர்வை மெதுவாக்குகிறது. ஊதும்போது அதிர்வது உள்ளேயுள்ள காற்று. நீர் கூடினால் காற்றின் இடம் குறைகிறது, அதிர்வெண் உயர்கிறது. எண்ணாகவே அளக்க விரும்புவோருக்கு ஜெர்மனியின் ஆகென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'ஃபைஃபாக்ஸ்' என்னும் இலவசச் செயலி உதவும். தண்ணீர்த் தம்ளர்களை வரிசையாக வைத்துத் தட்டி ஒரு பாட்டும் வாசிக்கலாம்.

7. ஆறு சொல்லும் பொய்யும் மெய்யும்

கடைசி யோசனை ஆற்றைப் பற்றியது. இதைச் சற்றுக் கவனமாகப் படியுங்கள்.

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் இறங்கி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, வெயில் நேரத்தில் தெளிந்து ஓடும்போது அடியில் கிடக்கும் கூழாங்கல்லும் தெரியும். இடுப்பளவுதான் என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி விலகி வளைவதால் ஆற்றின் அடித்தளம் மேலே உயர்ந்ததுபோல் தெரிகிறது. நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 4/3. நேர் மேலிருந்து பார்த்தால் நான்கடி ஆழம் மூன்றடியாகத் தெரியும். கரையில் நின்று சாய்வாகப் பார்த்தால் அதைவிடவும் குறைவாகத் தெரியும். கைபேசியின் கண்ணும் இதே பொய்யைத்தான் பதிகிறது. வீடியோவில் ஒருவர் குதித்த இடத்தைப் பார்த்து, ஆழமில்லை என்று நம்பி இறங்குபவரின் உயிருக்கு யார் பொறுப்பு?

இந்தப் பொய்யை வீட்டிலேயே அம்பலப்படுத்துங்கள். ஒரு கிண்ணத்தின் அடியில் நாணயத்தை ஒட்டி வையுங்கள். கிண்ணத்தின் விளிம்பு நாணயத்தை மறைக்கும் வகையில் கைபேசியை அசையாமல் நிறுத்துங்கள். பதிவை நிறுத்தாமல், வெட்டாமல், மெல்ல நீர் ஊற்றுங்கள். மறைந்திருந்த நாணயம் எழுந்து வரும்! இந்த அரை நிமிடப் படம் எத்தனை எச்சரிக்கைப் பலகைகளுக்கும் ஈடாகும்.

ஓடும் நீரின் விசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீரின் வேகம் இருமடங்கானால் அது உங்கள் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். வேகம் மும்மடங்கானால் ஒன்பது மடங்காகும். மலையில் மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரலாம். பழைய குற்றாலம் அருவியில் 2024 மே 17 அன்று திடீர் வெள்ளம் வந்து, ஒரு பதினேழு வயது மாணவரை அடித்துச் சென்றது. அருவிப் பாறையில் நின்று, வழுக்கும் இடத்தில் திரையைப் பார்த்தபடி எடுக்கும் எந்தப் படமும் வேண்டாம்.

அப்படியானால் ஆற்றை எடுக்கவே கூடாதா? எடுக்கலாம், கரைமேலிருந்தும் பாலத்திலிருந்தும் எடுக்கலாம். அதைக்கொண்டு ஆற்றையே அளக்கலாம். ஆறு அமைதியாக ஓடும் நாளில், கரையோரம் 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு அடையாளங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். மிதந்து செல்லும் பூவோ சருகோ அந்த இடைவெளியைக் கடக்க 25 வினாடி ஆனால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 0.8 மீட்டர். அடியில் உராய்வு இருப்பதால் சராசரி வேகம் சற்றுக் குறைவு, 0.85-ஆல் பெருக்கினால் 0.68 மீட்டர். ஆற்றின் அகலம் 30 மீட்டர், சராசரி ஆழம் 1 மீட்டர் என்றால் வினாடிக்கு 20.4 கனமீட்டர் நீர் ஓடுகிறது. ஒரு கனமீட்டர் 35.3 கன அடி. ஆக சுமார் 720 கன அடி. பாபநாசம் அணையிலிருந்து இத்தனை கன அடி திறப்பு என்று நாளிதழில் படிக்கும் எண்ணின் பொருள் இப்போது உங்களுக்கு விளங்கும்.

இது வெறும் விளையாட்டன்று. அர்ஜென்டீனாவிலும் பிரான்சிலும் பொதுமக்கள் எடுத்த வெள்ள வீடியோக்களைக் கொண்டு ஆய்வாளர்கள் வெள்ளத்தின் வேகத்தையும் அளவையும் கணித்திருக்கிறார்கள். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே நுரையும் சருகும் எவ்வளவு நகர்ந்தன என்று கணினி பார்க்கிறது. வெள்ளம் வடிந்தபின் அதே இடத்துக்குச் சென்று அகலத்தையும் ஆழத்தையும் அளக்கிறார்கள். பெருவெள்ளம் அளவுகருவிகளையே அடித்துச் செல்லும்போது, யாரோ மாடியில் நின்று எடுத்த ஒரு நிமிடப் படமே சாட்சியாகிறது.

2023 டிசம்பர் 17, 18 நாட்களை நம் மாவட்டத்தார் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தமிழகத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழைக்கு அது ஈடு. அத்தகைய நாள் மீண்டும் வந்தால், வெளியே ஓடாதீர்கள். பாதுகாப்பான மாடியிலிருந்து, கைபேசியை நகர்த்தாமல், ஒரு நிமிடம் எடுங்கள். நாள், நேரம், இடம் ஆகியவற்றை வாயால் சொல்லுங்கள். அளவு தெரிந்த ஒரு பொருள், அதாவது பாலத்தின் தூண், மின்கம்பம், மண்டபத்தின் படி, படத்தில் இருக்கட்டும். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே நிற்கிறது. அதன் சுவரில் நீர் எதுவரை ஏறியது என்று காட்டும் படம் வருங்காலத்துக்கு ஓர் அளவுகோல். வண்ணாரப்பேட்டைப் பக்கம் 1843-இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தின் வளைவுகளும் அப்படியே. இசையைச் சேர்த்து, வேகத்தைக் கூட்டி வெளியிட்டால் அந்த அளவு கெட்டுவிடும். மாற்றாத மூலப் படத்தைத் தனியே பத்திரப்படுத்துங்கள்.

வெளியிடுமுன்

படம் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. 2023-ஆம் ஆண்டின் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கொள்கிறது. எனவே பெற்றோரின் இசைவு பெற்று, அவர்கள் பார்த்தபின்னரே வெளியிடுங்கள். வீட்டு எண், பள்ளியின் பெயர், நீங்கள் தினமும் போகும் வழி ஆகியவை படத்தில் தெரிய வேண்டாம். படித்துறையில் குளிப்பவர்களும் துவைப்பவர்களும் உங்கள் படத்துக்காக அங்கே வரவில்லை. அவர்கள் பக்கம் கைபேசியைத் திருப்பாதீர்கள். வேகத்தைக் கூட்டியிருந்தால் '180 மடங்கு வேகம்' என்று எழுத்தில் போடுங்கள். பார்ப்பவர் உங்களை நம்புவதற்கு அதுவே முதல் படி.

ஒரு வீடியோவுக்கு ஒரு கேள்வி போதும். கேள்வியை முதல் பத்து வினாடியில் கேளுங்கள். நடுவில் செய்து காட்டுங்கள். முடிவில் விடையைச் சொல்லுங்கள். விடை கிடைக்காவிட்டால் அதையும் சொல்லுங்கள். லூமியேர் சகோதரர்களின் குழந்தை உணவு உண்ட காட்சி 130 ஆண்டுகளாகப் பார்க்கப்படுகிறது. இன்று நீங்கள் எடுக்கும் தறியும், அடுப்பும், ஆறும் நாளை இதே வடிவில் இருக்குமா என்று யார் அறிவார்? ஆகவே உண்மையாக எடுங்கள்.

செய்து பாருங்கள்

1. ஐந்து மணி நேரத்தில் ஒரு மல்லிகை மொட்டு விரிகிறது என்று கொள்வோம். அதை 15 வினாடி வீடியோவாக்க எத்தனை வினாடிக்கு ஒரு படம் எடுக்க வேண்டும்?

2. நான்கு இறக்கை கொண்ட விசிறி வினாடிக்கு 6 முறை சுற்றினால், 30 படக் கைபேசியில் அது எத்திசையில் சுற்றுவதாகத் தெரியும்?

3. மேலிருந்து பார்க்கும்போது ஆறடி ஆழமாகத் தெரியும் கிணற்று நீரின் உண்மையான ஆழம் என்ன?

விடைகள்: 1. நாற்பது வினாடிக்கு ஒன்று. 2. பின்னோக்கி, இறக்கை 72 பாகை முன்னே நகர்வது 18 பாகை பின்னே வந்ததாகத் தோன்றும். 3. எட்டடி.